இணைய நண்பர்களின் முதல் நேர்சந்திப்பு

இணைய நண்பர்களின் முதல் நேர்சந்திப்பு என்பது கணினி அல்லது கைப்பேசி வழியாக மட்டுமே பழகிய இருவரோ பலரோ முதன்முறையாக ஒரே இடத்தில் கூடுவதைக் குறிக்கும். வழக்கமான அறிமுகத்தில் முகமும் குரலும் முதலில் தெரிகின்றன. பெயர், ஊர், வேலை ஆகியவை அடுத்து வருகின்றன. ஒருவர் எதற்கு அஞ்சுகிறார், இரவில் எதை நினைத்துக் கவலைப்படுகிறார் என்பது தெரியவரப் பல ஆண்டுகள் ஆகலாம். இணைய நட்பில் இந்த வரிசை தலைகீழாக அமைகிறது. கவலை முதலில் தெரியும். முகம் கடைசியில்தான் தெரியும். முதல் சந்திப்பில் உண்டாகும் தயக்கம், வியப்பு, ஏமாற்றம், ஆபத்து ஆகியவற்றுள் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே பிறக்கின்றன.

இணைய நட்பு பரவலாக இருக்கும் அளவுக்கு நேர்சந்திப்பு பரவலாக இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 13 முதல் 17 வயதுடையோரில் 57 விழுக்காட்டினர் இணையத்தில் புதிய நண்பரைப் பெற்றிருந்தனர். அத்தகைய நண்பரை நேரில் சந்தித்தவர்கள் 20 விழுக்காட்டினரே.

இணையத்துக்கு முன்

காணாமலே நட்புக் கொள்வது கணினியோடு பிறந்த வழக்கம் அன்று. தமிழில் இதற்குப் புகழ்பெற்ற சான்று கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பு. சோழன் உறையூரில் இருந்தான். புலவர் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த சோழன், தன் அருகில் பிசிராந்தையாருக்கும் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றனர். முகம் காணாத ஒருவர் நாடு கடந்து உயிர்விட வருவாரா என்பது அவர்களுடைய கேள்வி. சோழன் ஐயுறவில்லை. பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். அதைக் கண்டு பொத்தியார் வியந்து பாடியது புறநானூற்றின் 217ஆம் பாடல். நட்பு அதிகாரத்தின் 785ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் இந்த இருவரையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்.

சோழனைச் சுற்றியிருந்தவர்கள் கேட்ட கேள்வியைத்தான் இன்று வீட்டில் உள்ளவர்களும் கேட்கிறார்கள்: "பார்த்தே இராத ஒருவரை எப்படி நம்புகிறாய்?" கேள்வி நியாயமானது. அதற்கான விடை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

தந்திக் காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெவ்வேறு ஊர்களில் பணிபுரிந்த தந்தி இயக்குநர்கள் வேலை குறைந்த நேரங்களில் கம்பி வழியே பேசிப் பழகினர். எல்லா செவர் தேயர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1879இல் வெளியிட்ட 'வயர்டு லவ்' என்ற புதினம் அத்தகைய பழக்கத்தைக் கதையாக்கியது. அதில் நாயகியைக் காண ஒருவன் வருகிறான். கம்பியின் மறுமுனையில் பேசியவன் தானே என்கிறான். உண்மையில் அவன் வேறொருவன். ஆள்மாறாட்டம் என்னும் அச்சம் இணையத்தைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது.

வெல் அமைப்பின் விருந்துகள்

கணினி வழி நட்பு நேர்சந்திப்பாக மாறியது குறித்து விரிவாகப் பதிவான முதல் நிகழ்வுகளுள் ஒன்று, கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் இயங்கிய 'வெல்' என்ற உரையாடல் அமைப்பைச் சேர்ந்தது. இதை 1985இல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்டும் தொடங்கினர். (பிரில்லியன்ட் ஒரு மருத்துவர், 1970களில் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டவர்.) உறுப்பினர்கள் தொலைபேசி இணைப்பு வழியாக ஒரு மையக் கணினியை எட்டி, குழந்தை வளர்ப்பு, இசை, அரசியல் எனத் தனித்தனித் தலைப்புகளின் கீழ் எழுதிப் பேசினர். அப்போது படமோ ஒலியோ கிடையாது, எழுத்து மட்டுமே. ஆனால் பொய்ப்பெயரில் ஒளிந்துகொள்ள முடியாது. எழுதுபவரின் உண்மைப் பெயரை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியும் என்பது வெல்லின் விதி.

அதன் உறுப்பினரான ஹோவர்ட் ரைன்கோல்ட் தம் அனுபவங்களை 1993இல் வெளிவந்த 'தி விர்ச்சுவல் கம்யூனிட்டி' என்ற நூலில் எழுதினார். 1986 கோடையில் அவருடைய சிறு மகளின் தலையில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டது. மனைவி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு மறு அழைப்புக்குக் காத்திருந்தார். ரைன்கோல்ட் வெல்லின் பெற்றோர் பகுதியில் கேள்வியை எழுதினார். மருத்துவரிடமிருந்து அழைப்பு வருவதற்கு முன்பே, வெல்லில் கிடைத்த விடையைக் கொண்டு உண்ணியை எடுத்துவிட்டார்.

இப்படி அன்றாடத் தேவைகளில் உதவிக்கொண்டவர்கள், சாசலிட்டோவில் இருந்த அலுவலகத்தில் அவ்வப்போது விருந்துக்குக் கூடத் தொடங்கினர். ரைன்கோல்ட் முதன்முதலில் அந்த விருந்துக்குச் சென்றபோது அடைந்த உணர்வு இன்றும் இத்துறையில் எழுதுவோர் சுட்டிக்காட்டும் ஒன்று. அறை முழுக்க இருந்தவர்களோடு அவர் வாதாடியிருக்கிறார், சண்டையிட்டிருக்கிறார், அவர்கள் துயரத்தில் பங்குகொண்டிருக்கிறார். ஆனால் அந்த அறையில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்நியர் கூட்டத்தில் நெருங்கிய நண்பர்களைத் தேட வேண்டிய விசித்திரம் அது.

இணைய நட்புகளுள் வெல்லுக்கு ஒரு வசதி இருந்தது. உறுப்பினர் பலர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலேயே வாழ்ந்தனர். விருந்துக்குப் போக ஊர் தாண்டிப் பயணம் தேவையில்லை. பிடிக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். அடுத்த நாள் மீண்டும் எழுத்தில் பேச்சு தொடரும். உண்மைப் பெயர் விதியும் மாதந்தோறும் நேரில் காணும் வாய்ப்பும் சேர்ந்ததால் அங்கே ஒருவர் வேறொருவராக நடிப்பது கடினம். பின்னாளில் உலகு முழுதும் பரவிய இணையத்தில் இந்த இரண்டும் இல்லாமல் போயின. வெல்லின் கதையை மட்டும் படித்துவிட்டு இணைய நட்பெல்லாம் இனிது என்று முடிவு செய்வது பொருந்தாது.

எழுத்தில் வளரும் உருவம்

தொடர்பியல் ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996இல் முன்வைத்த கருத்து இங்கு உதவுகிறது. எழுத்து வழிப் பழக்கம் சில வேளைகளில் நேர்ப்பழக்கத்தைவிட அதிக நெருக்கத்தை உண்டாக்கும் என்றார் அவர். எழுதுபவர் தம்மில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கலாம். அடித்துத் திருத்தி அனுப்பலாம். படிப்பவரோ கிடைத்த சிறு தடயங்களைக் கொண்டு மீதியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். நிரப்பும்போது நல்லதையே நிரப்புகிறார். அந்த நல்லெண்ணம் பதில்களில் வெளிப்பட, எழுதுபவரும் அதற்கு ஏற்ப நடக்கத் தொடங்குகிறார்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் நேர்மையானவர்களாக இருந்தாலும், இருவர் மனத்திலும் ஒரு கற்பனை உருவம் வளர்ந்துவிடுகிறது. நேர்சந்திப்பில் மோதிக்கொள்வது அந்த உருவமும் எதிரில் நிற்கும் மனிதரும்தான். எழுத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் நேரில் வாய் திறக்காமல் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எழுத்தில் அவருக்குப் பதில் யோசிக்க மூன்று நிமிடம் கிடைத்தது. மேசைக்கு எதிரே மூன்று நொடிகூடக் கிடைப்பதில்லை. முதல் அரைமணி நேர மௌனத்தை வைத்து "இவர் வேறு ஆள்" என்று முடிவுகட்டுவது பலர் செய்யும் பிழை.

கேட்லின் மெக்கென்னாவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் சுவையான சோதனை ஒன்று உண்டு. மாணவர்கள் ஒருவரோடு இணைய அரட்டையிலும் இன்னொருவரோடு நேரிலும் பேசவைக்கப்பட்டனர். பேசியது இரண்டு பேருடன் என்று அவர்கள் நினைத்தனர். உண்மையில் இரண்டு இடத்திலும் இருந்தவர் ஒரே ஆள். இருந்தும் அரட்டையில் பேசியவரையே கூடுதலாக விரும்பினர். இதே ஆய்வாளர்கள் இணையக் குழுக்களில் பழகியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்டோர் தம் இணைய நண்பரை நேரில் சந்தித்திருந்தனர். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டபோது அந்த உறவுகளில் பெரும்பான்மை நீடித்திருந்தது.

எப்போது சந்திப்பது என்பதற்கும் ஓர் ஆய்வு விடை தருகிறது. ஆர்ட்டெமியோ ராமிரெஸ், ஷுவாங்யூ ஜாங் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கத்தின் தொடக்கத்திலேயே நேரில் சந்தித்தவர்களுக்கு அந்தச் சந்திப்பு உறவை வளர்த்தது. நெடுநாள் எழுத்தில் மட்டும் பழகிவிட்டுச் சந்தித்தவர்களிடம் நெருக்கம் குறைந்தது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கற்பனை உருவத்துக்கு ஒரு சாணை பிடித்ததுபோல ஆகிவிடுகிறது. பின்னர் எந்த மனிதரும் அதற்கு ஈடாக முடிவதில்லை. இது வயது வந்தோருக்கான செய்தி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுவர்க்கு "சீக்கிரம் சந்தி" என்பது அறிவுரை ஆகாது.

ஜப்பானின் ஆஃப்கை

ஜப்பானில் இந்தச் சந்திப்புக்குத் தனிப்பெயரே உண்டு. இணைப்புக்கு வெளியே கூடுதல் என்ற பொருளில் அதை 'ஆஃப்கை' என்பர். 1980களின் பிற்பகுதியில் நிஃப்டி-சர்வ் போன்ற கணினித் தொடர்புச் சேவைகள் பரவியபோது இந்த வழக்கம் வளர்ந்தது. உணவகத்தில் கூடுவார்கள், செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள், இணையத்தில் பயன்படுத்தும் புனைபெயராலேயே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வார்கள். உண்மைப் பெயரைக் கேட்காமலிருப்பது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

யோஷிமிட்சு மொரிட்டா இயக்கி 1996இல் வெளிவந்த 'ஹரு' என்ற ஜப்பானியத் திரைப்படம் இந்த உலகைப் பற்றியது. கணினிக் கடிதங்களால் பழகிய ஆணும் பெண்ணும் முதன்முதலில் ஒருவரையொருவர் காண்பது ஓடும் அதிவேக ரயிலிலிருந்து. வயல்வெளியில் நின்று அவள் கைக்குட்டை அசைக்கிறாள், ரயிலில் அவன் கடந்து போகிறான், சில நொடிகளே. அதே 1996இல்தான் தமிழில் அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' வெளிவந்து தேசிய விருதும் பெற்றது. அங்கே கணினி இல்லை, கடிதம்தான். பல முறை எதிரெதிரே நின்றும் அறியாத இருவர், அவள் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையால் கடைசியில் அடையாளம் காண்கிறார்கள். ஒரே ஆண்டில் இரண்டு மொழிகள் ஒரே கேள்வியைத் திரையில் எழுப்பியது தற்செயல்தான்; ஆனால் இரண்டிலும் ரயில் வருவது கவனிக்கத்தக்கது.

அழைப்புச் சொல் என்னும் சிக்கல்

தமிழ் பேசுவோரின் முதல் சந்திப்பில் ஆங்கிலம் பேசுவோருக்கு இல்லாத ஓர் இடர் உண்டு. தமிழில் ஒருவரை அழைக்க வேண்டுமானால் அவர் வயது தெரிந்திருக்க வேண்டும். நீயா நீங்களா, அண்ணனா தம்பியா, அக்காவா அம்மாவா, ஐயாவா என்பதை முடிவு செய்யாமல் முதல் வாக்கியத்தையே முடிக்க இயலாது. இணையத்தில் 'நண்பரே', 'தோழர்' போன்ற சொற்கள் இந்தச் சிக்கலை மறைத்துவிடுகின்றன.

தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தைத் தமிழகம், இலங்கை, வளைகுடா நாடுகள், கனடா எனப் பல இடங்களில் வாழ்வோர் எழுதினர். பள்ளி மாணவர் ஒருவர் பேராசிரியரின் கட்டுரையைத் திருத்துவதும், காரணம் கேட்டு வாதிடுவதும் அங்கு இயல்பு. 2013இல் அதன் பத்தாண்டு நிறைவுக் கூடல் சென்னையில் நடந்தது. இத்தகைய கூடல்களில் பயனர் பெயராக மட்டும் அறிந்திருந்தவர் நரைத்த தலையோடு எதிரில் வந்து நிற்பார். நேற்றுவரை கலைச்சொல்லுக்காக மல்லுக்கட்டிய இளைஞர் சட்டென்று எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்பார். மரியாதை நல்லதுதான். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்த 'ஐயா' கூடவே வந்து, திருத்த வேண்டிய பிழையைத் திருத்தத் தயங்கவைத்தால் சந்திப்பினால் நட்பு வளர்ந்தது என்று சொல்வதற்கில்லை. மூத்தவர்தான் முதலில் இந்தத் தயக்கத்தை நீக்க முடியும்.

சந்திப்புக்கு ஏற்ற இடம் எது என்பதிலும் பழக்கம் ஒரு வழி கண்டிருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில் அங்கே சந்திப்போர் பலர். கூட்டம் நிறைந்த பொது இடம். பேச்சு ஓடவில்லை என்றால் புத்தகத்தைப் புரட்டலாம். கிளம்ப வேண்டுமென்றால் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆள்மாறாட்டமும் ஆபத்தும்

ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தைச் சேர்ந்த கார்லி ரயன் என்ற 15 வயதுச் சிறுமி 2007இல் கொல்லப்பட்டார். இணையத்தில் அவர் பழகியது ஓர் இளம் இசைக்கலைஞனோடு என்று நம்பினார். அப்படி ஓர் இளைஞனே இல்லை. நடுவயதைக் கடந்த ஒருவன் உருவாக்கிய பொய்யுருவம் அது. இந்த வழக்கில் மிகவும் கவனிக்க வேண்டியது, அந்த மனிதன் மறைந்தே இருக்கவில்லை என்பது. தான் கற்பித்த இளைஞனின் தந்தை என்று சொல்லிக்கொண்டு சிறுமியின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கே நேரில் வந்தான். வீட்டார் ஒருவரை நேரில் பார்த்துவிட்டனர். பார்க்க வேண்டியவரைப் பார்க்கவில்லை. 2010இல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சிறுமியின் தாய் தொடர்ந்து போராடியதன் பயனாக 2017இல் ஆஸ்திரேலிய நடுவண் அரசு 'கார்லி சட்டம்' எனப்படும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 16 வயதுக்கு உட்பட்டவருக்குத் தீங்கிழைக்க இணைய வழியில் செய்யும் ஆயத்தமே, வயதைப் பொய்யாகச் சொல்வது உட்பட, அதனால் குற்றமாயிற்று.

ஆகவே இணையத்தில் பழகியவர் தாம் வராமல் தந்தை, அண்ணன், நண்பர் என்று வேறொருவரை அனுப்பினால் அந்தச் சந்திப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். படவழி அழைப்பில் முகம் காட்ட மறுப்பதும், ஒவ்வொரு முறையும் கேமரா பழுது என்பதும், சந்திக்கும் முன்பே பணம் கேட்பதும், "வீட்டில் சொல்லாதே" என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் மோசமானது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'ஈயூ கிட்ஸ் ஆன்லைன்' திட்டம் 2010இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9 முதல் 16 வயதுடைய சுமார் 25,000 பேரிடம் நடத்திய ஆய்வில், முந்தைய ஓராண்டில் 9 விழுக்காட்டினர் இணையத்தில் அறிமுகமானவரை நேரில் சந்தித்திருந்தனர். அந்தச் சந்திப்பால் மனம் வருந்தியதாகச் சொன்னவர்கள், சந்தித்தவர்களில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரும்பாலோருக்குத் தீங்கு நேரவில்லை; ஆனால் ஒன்பதில் ஒன்று என்பது புறந்தள்ளும் அளவும் அன்று. இந்தக் கணக்கைக் காட்டி அடியோடு தடை போடும் பெற்றோர் உண்டு. தடையால் சந்திப்பு நிற்பதைவிட, சொல்லாமல் போவதே மிகுதியாக நடக்கும். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று பிள்ளை எழுதினால் உண்மையான நண்பர் சங்கடப்படுவார், அவ்வளவே. பொய்யர் வரவே மாட்டார்.

வயது வந்தோருக்கும் சில நடைமுறைகள் பொருந்தும். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டு அமைவது நல்லது. போகவும் வரவும் தம் சொந்த ஏற்பாடு வேண்டும்; அவருடைய வண்டியில் ஏறுவதும் அவர் வீட்டில் தங்குவதும் அடுத்தடுத்த சந்திப்புகளுக்கானவை. எங்கே, யாரோடு, எத்தனை மணிவரை என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அவசர உதவிக்கு 112. இணைய வழிப் பண மோசடி குறித்துப் புகார் செய்ய 1930.

சந்திக்காமல் போனவர்

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் டூஷேன் என்னும் மரபுநோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் ஐபெலின் என்ற பெயரில் பல்லாயிரம் மணி நேரம் செலவிட்டார். மகன் நட்பும் துணையும் அறியாமல் தனிமையில் வாழ்கிறான் என்று பெற்றோர் வருந்தினர். விளையாட்டில் அவரோடு 'ஸ்டார்லைட்' குழுவில் இருந்தவர்களுக்கோ அவருடைய நோய் நெடுங்காலம் தெரியாது. அவர்கள் அறிந்த ஐபெலின் ஓடுபவர், சண்டையிடுபவர், பிறர் துன்பத்தைப் பொறுமையாகக் கேட்பவர்.

ஸ்டீன் 2014 நவம்பரில் தமது 25ஆம் வயதில் இறந்தார். அவர் இணையத்தில் எழுதிவந்த பக்கத்தில் பெற்றோர் இறப்புச் செய்தியை வெளியிட்டனர். ஓரிருவராவது படிப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருவர் தம் பிள்ளையோடு இருந்த மனக்கசப்பு ஸ்டீனின் அறிவுரையால் தீர்ந்தது என்று எழுதினார். இந்தக் கதை பின்னர் பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படமாகி, 2024இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

ஆஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஸ்டார்லைட் குழுவினர் சிலர் வெளிநாடுகளிலிருந்து வந்தனர். ஒருவர் எழுந்து பேசவும் செய்தார். பெற்றோர் மகனின் நண்பர்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தனர். நண்பர்கள் ஐபெலினிடம் முதன்முறையாக வந்து சேர்ந்ததும் அன்றுதான்.